தட்டையா, உருண்டையா: விவாதத்துக்கு உட்காரும் முன் செய்ய வேண்டியவை

பூமி உருண்டை என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனாலும் தட்டை என்று நம்பும் என் சித்தப்பாவிடம் மூன்று முறை வாதாடி மூன்று முறையும் தோற்றேன்.

முதல் முறை, கப்பலின் அடிப்பகுதி முதலில் மறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். கண்ணுக்கு மறைந்த ஒரு படகை ஜூம் செய்து முழுசாகத் திரும்பக் கொண்டுவரும் வீடியோவை அவர் காட்டினார். இரண்டாம் முறை விண்வெளியிலிருந்து எடுத்த படத்தை நீட்டினேன். "இது ஒட்டுப்போட்ட படம்டா, செஞ்சவங்களே சொல்லியிருக்காங்க" என்றார். தேடிப் பார்த்தால், நான் காட்டியது நிஜமாகவே ஒட்டுப்போட்டதுதான். மூன்றாம் முறை இரண்டு ஊர்களில் இரண்டு குச்சி நட்டு நிழல் அளக்கும் கணக்கை எடுத்தேன். "சூரியன் பக்கத்துல இருந்து தரை தட்டையா இருந்தாலும் இதே நிழல்தானே விழும்?" என்று கேட்டார். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் சொன்னது சரி.

அப்போதுதான் புரிந்தது. நான் சொன்ன முடிவு சரி; காட்டிய ஆதாரங்கள்தான் தட்டை, கோளம் என்ற இரண்டு மாதிரிகளையும் பிரித்துக் காட்டாதவை. அதற்குப் பிறகு ஒரு வருடம் போல அளந்து, சொதப்பி, மறுபடி அளந்து கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். நீங்களும் யாரோடாவது இந்தப் பேச்சுக்கு உட்காரப் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு வருடம் உங்களுக்கு மிச்சம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

விவாதம் "பூமியின் வடிவம்" பற்றி மட்டும். சுழற்சி, நிலவுப் பயணம், யார் எதை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் வேறு கேள்விகள். எதிரில் இருப்பவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். ஒன்றுக்கு நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பத்து கேள்வி வந்து நிற்கும். வேண்டுமென்று செய்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் பார்த்த வீடியோக்கள் அப்படித்தான் தாவுகின்றன. ஒரு தாளில் வடிவக் கேள்வியை எழுதி நடுவில் வையுங்கள். மற்றவற்றுக்கு இன்னொரு தாள். "இதை அதுல குறிச்சுக்கறேன், பிறகு பேசலாம்" என்று சொன்னால் அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் மூச்சு.

அடுத்து, அவருடைய மாதிரி என்ன என்று அவரையே வரையச் சொல்லுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. வட துருவம் நடுவில், அண்டார்டிகா விளிம்பைச் சுற்றிய பனிச்சுவர், சூரியன் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் வட்டமடிக்கிறது: பெரும்பாலும் வருவது இதுதான். எவ்வளவு உயரம் என்று கேட்டு அந்த எண்ணையும் எழுதுங்கள். சித்தப்பா 5,000 கி.மீ. என்றார். அந்த ஒரு எண் பிற்பாடு எனக்கு எவ்வளவு வேலை செய்தது என்பதைக் கீழே பார்ப்பீர்கள். உங்கள் பக்கத்துக்கு: கோளம், சராசரி ஆரம் 6,371 கி.மீ., சூரியன் ஏறக்குறைய 15 கோடி கி.மீ. தூரத்தில்.

கடைசியாக ஒரு கேள்வி: "எதைப் பார்த்தா நீங்க மனசை மாத்திக்குவீங்க?" இதே கேள்விக்கு நீங்களும் பதில் எழுத வேண்டும். அவர் எழுத மறுத்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். அளக்கப் போய்ப் பயனில்லை.

2. கையில் எடுக்கவே கூடாத ஆதாரங்கள்

விண்வெளிப் படங்கள். 1972-இல் அப்போலோ 17 பயணத்தில் எடுத்தது ஒரே சொடுக்கில் எடுத்த படம். 2002-இல் வெளியான புகழ்பெற்ற நீலப் பூமிப் படம் பல செயற்கைக்கோள் பதிவுகளை ஒட்டிச் செய்தது. வித்தியாசம் தெரியாமல் இரண்டாவதைக் காட்டினீர்கள் என்றால், என்னைப் போல அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். சரியான படத்தைக் காட்டினாலும் எடுத்தவரை அவர் நம்பவில்லை என்றால் பேச்சு நம்பிக்கையைப் பற்றியதாகிவிடும்.

விமான ஜன்னல். சுமார் 11 கி.மீ. உயரத்தில் தொடுவானத்தின் வளைவு மிக மிக லேசானது; கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஜன்னல் கண்ணாடியும் வைட் ஆங்கிள் லென்ஸும் நேர்கோட்டையே வளைத்துக் காட்டும். இந்த ஆதாரத்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

இரண்டு குச்சி. சுமார் 800 கி.மீ. இடைவெளியில் வெயில் சாயும் கோணத்தில் 7.2 டிகிரி வித்தியாசம் என்ற பழைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோளம், தூரத்துச் சூரியன் என்று கொண்டால் சுற்றளவு 40,000 கி.மீ. வரும். தட்டைத் தரை, பக்கத்துச் சூரியன் என்று கொண்டால் சூரியன் ஏறக்குறைய 6,300 கி.மீ. உயரத்தில் இருப்பதாக வரும். இரண்டும் தன்னளவில் சரியாகப் பொருந்தும். இரண்டு புள்ளி வழியாக எத்தனை வளைவு வேண்டுமானாலும் வரையலாம், அவ்வளவுதான். மூன்றாவது, நான்காவது இடம் சேர்ந்தால்தான் இது உயிர்பெறும். அதற்குப் படி 5.

கண்ணை விட்டு மறையும் சின்னப் படகு. நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு ஒரு மீட்டர் அகலப் பொருள் மூன்றரைக் கிலோமீட்டர் தாண்டினால் புள்ளியாகக்கூடத் தெரியாது. தொடுவானம் அதற்கும் அப்பால் இருக்கலாம். அப்படி மறைந்த படகு ஜூம் செய்தால் திரும்ப வரத்தான் செய்யும். அந்த வீடியோக்கள் போலி இல்லை. தொடுவானத்தைத் தாண்டாத படகை எடுத்தவை.

3. செலவு, நேரம், வைத்திருக்க வேண்டிய பதிவுகள்

பணம் அதிகம் வேண்டாம். டேப், தூக்குக் குண்டு, நேரான குச்சி, அட்டை, நோட்டுப் புத்தகம், ஜிபிஎஸ் உள்ள மொபைல். பெரிதாகக் காட்டும் கேமராவோ பைனாகுலரோ ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளலாம். லேசர், டிரோன் என்று இறங்காதீர்கள். தண்ணீருக்கு மேல் தாழ்வாக லேசர் அடிப்பதில் ஒளிக்கதிர் விரிந்து, வளைந்து, முடிவே சொல்ல முடியாத குழப்பம்தான் மிஞ்சும். கண்ணுக்கும் ஆபத்து.

நேரம்தான் உண்மையான செலவு. தொடுவான அளவைக்குத் தெளிவான நாள் வேண்டும். எனக்கு ஐந்து முறை போய் இரண்டு முறைதான் கிடைத்தது. குச்சி நிழலுக்குச் சிறந்த நாள் ஆண்டுக்கு இரண்டே: மார்ச் 20-ஐ ஒட்டியும் செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டியும் வரும் சம இரவு நாட்கள். தவறவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அல்லது கூடுதல் கணக்குப் போட வேண்டும்.

பதிவுகளில் சோம்பல் கூடாது. ஒவ்வொரு அளவைக்கும் இவை இருக்கட்டும்: நின்ற இடத்தின் ஜிபிஎஸ் எண், கண்ணோ லென்ஸோ தண்ணீர் மட்டத்திலிருந்து இருந்த உயரம், குறிப்பொருளின் தூரமும் மொத்த உயரமும், மணி, காற்றின் வெப்பநிலை, முடிந்தால் தண்ணீரின் வெப்பநிலை, கடல் என்றால் அந்த நேரத்து அலையேற்ற அட்டவணை. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பிச் சுருக்காதீர்கள். கேமராவில் விழுந்த மூலக் கோப்பு அப்படியே இருக்க வேண்டும். நான் முதல் அளவையில் மூலக் கோப்பை அழித்துவிட்டேன். "க்ராப் பண்ணதுல என்ன வெட்டினியோ" என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு நாள் உழைப்பு போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலான ஆவணம் முன்கணிப்புத் தாள். அளக்கப் போகும் முன்பே "தட்டை என்றால் இவ்வளவு, கோளம் என்றால் இவ்வளவு" என்று இரண்டு எண்களை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அளந்த பிறகு எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

4. முதல் அளவை: தண்ணீருக்கு அப்பால் மறையும் உயரம்

இதில்தான் பெரும்பாலோர் சறுக்குவார்கள், ஆகவே நிதானமாக.

தொடுவானம் எவ்வளவு தூரம்? கண் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை. 4 மீட்டர் உயரத்தில் நின்றால் 7.1 கி.மீ. அதற்கு அப்பால் இருக்கும் பொருளின் அடிப்பகுதி மறையத் தொடங்கும். எவ்வளவு மறையும் என்பதற்கு, பொருளின் தூரத்திலிருந்து தொடுவான தூரத்தைக் கழித்து, மிச்சத்தை வர்க்கம் செய்து, 0.0785-ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் வரும்.

20 கி.மீ. தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம், கண் உயரம் 4 மீட்டர். மிச்சம் 12.9 கி.மீ.; மறைய வேண்டியது ஏறக்குறைய 13 மீட்டர். தட்டை மாதிரியில் 0.

இங்கே ஒரு பெரிய குழி. "மைலுக்கு 8 அங்குலம், மைல் கணக்கை வர்க்கம் செய்" என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. அதன்படி 20 கி.மீ.க்கு 31 மீட்டர் மறைய வேண்டும். மறையாததைக் காட்டி "பார், வளைவே இல்லை" என்பார்கள். அந்தச் சூத்திரம் தவறில்லை; ஆனால் அது சொல்வது நீங்கள் நிற்கும் இடத்துத் தொடுகோட்டிலிருந்து தரை எவ்வளவு கீழே போகிறது என்பதை. கண் தண்ணீர் மட்டத்திலேயே ஒட்டியிருந்தால்தான் அது மறையும் உயரத்துக்குச் சமம். கண் உயரத்தைச் சேர்க்காத எந்தக் கணக்கையும் ஏற்காதீர்கள், அது உங்களுக்குச் சாதகமாக வந்தாலும்.

இரண்டாவது குழி ஒளிவிலகல். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும்போது ஒளி கீழ்நோக்கி வளைந்து, மறைந்திருக்க வேண்டியதில் கொஞ்சத்தை மேலே தூக்கிக் காட்டும். சாதாரண நாளில், பூமியின் ஆரம் ஆறில் ஒரு பங்கு கூடியதுபோல் வைத்துக் கணக்கிட்டால் போதும்: 3.57-க்குப் பதில் 3.86, 0.0785-க்குப் பதில் 0.0673. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மறைவது 10 மீட்டராகக் குறையும். ஆகவே முன்கணிப்புத் தாளில் "10 முதல் 13 மீட்டர் வரை" என்று எழுதுங்கள். ஒற்றை எண் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். தண்ணீர் குளிர்ந்தும் காற்று சூடாகவும் இருக்கும் நாளில் விலகல் இதைவிடப் பல மடங்கு ஆகலாம். அப்படிப்பட்ட நாளில் அளக்கவே வேண்டாம்.

கண்ணைத் தண்ணீரை ஒட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான பிழை. 1838-இல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு கால்வாயில் சாமுவேல் ரோபோத்தம் தண்ணீருக்கு 20 செ.மீ. மேலே கண்ணை வைத்து, 9.7 கி.மீ. தூரம் படகு மறையாமல் போனதைப் பார்த்து, தரை தட்டை என்று முடிவு கட்டினார். 1870-இல் அதே கால்வாயில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் பார்வைக் கோட்டைச் சுமார் 4 மீட்டருக்கு உயர்த்தி, நடுவில் அதே உயரத்தில் ஒரு குறி வைத்தார். நடுக்குறி மேலே தூக்கித் தெரிந்தது. ஒரே தண்ணீர், ஒரே தூரம். மாறியது கண் உயரமும், நடுவில் வைத்த குறியும்.

பிறகு தீர்க்கமான வேலை: மேலே ஏறுங்கள். அதே இடத்தில் கட்டடமோ மேடோ இருந்தால் 10 மீட்டரில் ஒரு படம், 30 மீட்டரில் ஒரு படம். கோள மாதிரியில் 10 மீட்டர் உயரத்தில் மறைவது 4 முதல் 6 மீட்டர். 30 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுமே மறையாது. ஜூம் மீட்டுத் தராததை மாடிப்படி மீட்டுத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தத் தட்டை மாதிரியிலும் நீங்கள் நாலு மாடி ஏறியதற்காகத் தூரத்துக் கோபுரத்தின் கால் முளைக்கக் காரணமில்லை. என் அனுபவத்தில் சித்தப்பா முதன்முதலாக வாயை மூடிக்கொண்டு யோசித்தது இந்த இடத்தில்தான்.

கலங்கரை விளக்கங்களைக் குறிப்பொருளாக எடுத்தால் இன்னொரு எச்சரிக்கை. கடல் வரைபடங்களில் விளக்கின் உயரம் ஏற்ற நீர்மட்டத்திலிருந்து கொடுக்கப்படும். நீங்கள் படமெடுத்தது வற்றிய நேரத்தில் என்றால் அந்த வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும்.

5. இரண்டாவது அளவை: நான்கு ஊர், நான்கு குச்சி

வெவ்வேறு அட்சரேகையில் இருக்கும் நண்பர்கள் மூன்று, நான்கு பேர் வேண்டும். ஒரே தீர்க்கரேகையில் இருக்க வேண்டும் என்று பலர் நினைத்து ஆளே கிடைக்காமல் கைவிடுகிறார்கள். தேவையில்லை. ஒரே நாளில் அவரவர் ஊரின் உச்சிவேளையில் அளந்தால் போதும். உச்சிவேளை என்றால் கடிகாரத்தின் 12 மணி இல்லை. நிழல் மிகக் குறுகும் நேரம். அதனால் முன்னும் பின்னும் அரை மணி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து வரச் சொல்லுங்கள்.

குச்சி ஒரு மீட்டர், தூக்குக் குண்டால் சரிபார்த்து நேராக, சமதரையில். நிழலின் நுனி மங்கலாக இருக்கும். ஒரு மீட்டர் குச்சிக்கே ஒன்றிரண்டு செ.மீ. சந்தேகம் வரும். குச்சி உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டி, தரையில் விழும் ஒளிப்புள்ளியின் நடுவைக் குறித்தால் அந்தச் சந்தேகம் பெருமளவு போய்விடும்.

சம இரவு நாளில் கோள மாதிரி சொல்வது: 15 டிகிரி அட்சரேகையில் நிழல் 27 செ.மீ., 30-இல் 58, 45-இல் சரியாக ஒரு மீட்டர், 60-இல் 173. இப்போது அதே அளவுகளைத் தட்டைத் தரையில் போட்டு, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியே கண்டுபிடியுங்கள். 15 டிகிரி ஊர்க்காரருக்கு 6,200 கி.மீ. வரும். 30-க்கு 5,800. 45-க்கு 5,000. 60-க்கு 3,850. ஒரே நாள், ஒரே சூரியன், நான்கு உயரம். இரண்டு குச்சியில் நான் தோற்ற இடத்தை நான்கு குச்சியில் மீட்டுக்கொண்டது இப்படித்தான்.

நாள் ஒன்று தவறினால் சூரியன் 0.4 டிகிரி நகர்ந்திருக்கும். பெரிய பிழை இல்லை, ஆனால் எல்லோரும் அதே நாளில் அளந்திருக்க வேண்டும்.

6. மூன்றாவது அளவை: சூரியனின் வட்டம் சுருங்குகிறதா?

எனக்கு மிகப் பிடித்தது இது. செலவே கிடையாது, ஒரே பகலில் முடியும், யாருடைய படத்தையும் நம்ப வேண்டாம்.

முதலில் எச்சரிக்கை: சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கேமரா, பைனாகுலர் வழியாக அறவே கூடாது. நாம் பார்க்கப் போவது அதன் பிம்பத்தை. அட்டையில் குண்டூசித் துளை போட்டு, 2 மீட்டர் தூரத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்தால் சூரியனின் வட்டம் விழும். விட்டம் தூரத்தில் 107-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 18.6 மி.மீ. தாள் ஒளிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் வட்டம் முட்டையாகிவிடும். நீளமான குழாயின் இரு முனையிலும் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உச்சியில் ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை அளக்கவும். சம இரவு நாளில் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். சித்தப்பாவின் 5,000 கி.மீ. உயரச் சூரியன் நான்கு மணிக்கு அவரிடமிருந்து 11,000 கி.மீ.க்கு மேல் போயிருக்கும், வட்டம் 18.6-லிருந்து 8 மி.மீ. சொச்சத்துக்குச் சுருங்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு? இன்னும் சுருங்கி மூன்றில் ஒரு பங்காக, ஆனால் தரையிலிருந்து 19 டிகிரி மேலே, வடமேற்கில் நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த மாதிரியில் சூரியன் அஸ்தமிக்கவே வழியில்லை. கோள மாதிரியில் வட்டம் நாள் முழுக்க 18.6 மி.மீ., ஆறு மணி வாக்கில் நேர் மேற்கே மறைவு. திசைகாட்டியையும் எடுத்துப் போங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உங்கள் இடத்தில் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

"தூரத்தில் போகும்போது காற்று பெரிதாக்கிக் காட்டுகிறது" என்று பதில் வரும். அப்படியென்றால் எல்லா ஊரிலும், எல்லாப் பருவத்திலும், தூரம் கூடக்கூடச் சரியாக அதே விகிதத்தில் பெரிதாக்க வேண்டும். அடிவானத்தை ஒட்டிய சூரியனைக் காற்று மேலும் கீழுமாகக் கொஞ்சம் நசுக்கத்தான் செய்கிறது. அதையும் நீங்களே அளந்து காட்டலாம்.

7. தெற்கு வானம்

வடக்கே வசிப்பவர்கள் துருவ நட்சத்திரத்தை வைத்து வாதாடுவார்கள். அது நிற்கும் உயரம் உங்கள் அட்சரேகைக்கு ஏறக்குறைய சமம் என்பது உண்மைதான். ஆனால் வட துருவத்தை நடுவில் வைத்த தட்டை மாதிரியிலும் அது வடக்கில்தான் இருக்கும், தூரம் போகப் போகத் தாழும். பிரித்துக் காட்டும் வலு தெற்கில்தான் இருக்கிறது.

கேப் டவுன், பெர்த், சாண்டியாகோ மூன்றும் 32 முதல் 34 டிகிரி தெற்கு அட்சரேகையில் உள்ளவை. தட்டை வரைபடத்தில் "தெற்கு" என்றால் விளிம்பை நோக்கி. மூன்று ஊர்க்காரர்களும் மூன்று வேறு பக்கம் பார்த்து நிற்பார்கள், கேப் டவுனும் பெர்த்தும் ஏறக்குறைய செங்கோணத்தில், பெர்த்தும் சாண்டியாகோவும் கிட்டத்தட்ட எதிரெதிராக. ஆனால் மூவருக்கும் நேர் தெற்கில் தெரிவது அதே வான் துருவம் (நட்சத்திரங்கள் சுற்றிவரும் மையப் புள்ளி), அதைச் சுற்றும் அதே தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம். ஜூன் மாதத்தில் கேப் டவுனில் மாலை ஆறரை, பெர்த்தில் நள்ளிரவு பன்னிரண்டரை; இரண்டு இடமும் ஒரே நேரத்தில் இருட்டு. ஆகவே "வேறு வேறு நேரத்தில் பார்க்கிறார்கள்" என்ற சமாதானமும் செல்லாது.

அங்கே யாராவது தெரிந்தவர் இருந்தால், மொபைலை ஸ்டாண்டில் வைத்து அரை மணி நேர நட்சத்திரத் தடம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஏழரை டிகிரி வில் விழும். தெற்கு நோக்கி எடுத்தால் கடிகாரச் சுற்று, வடக்கு நோக்கி எடுத்தால் எதிர்ச் சுற்று. ஆள் கிடைப்பதுதான் சிரமம்; எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

8. விமானச் சீட்டு

சிட்னியிலிருந்து சாண்டியாகோவுக்கு நேரடி விமானம் உண்டு. கோளத்தில் தூரம் சுமார் 11,350 கி.மீ., பறக்கும் நேரம் பன்னிரண்டரை மணி வாக்கில். வட துருவ மைய வரைபடத்தில் அதே இரண்டு ஊருக்கு நேர்கோட்டுத் தூரம் 25,000 கி.மீ.க்கு மேல். அந்த நேரத்துக்குள் அவ்வளவு தூரம் போக மணிக்கு 2,000 கி.மீ. வேகம் வேண்டும். பயணிகள் விமானம் போவது மணிக்கு 900 சொச்சம். ஆவணம்: அந்த விமானத்தின் கால அட்டவணை, முடிந்தால் பயணம் செய்தவரின் சீட்டு. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

9. இடையில் வந்து விழும் கேள்விகள்

"தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தானே நிற்கும்?" நிற்கும். மட்டம் என்பது ஈர்ப்பு விசைக்குச் செங்குத்து. நேர்கோடு என்று அர்த்தமில்லை. மட்டம் பார்க்கும் சர்வேயர்கள் கருவியை இரண்டு அளவுகோல்களுக்கும் சம தூரத்தில் நடுவில் வைப்பார்கள். வளைவாலும் ஒளிவிலகலாலும் வரும் பிழை இருபக்கமும் சமமாகி அடிபட்டுப்போக அதுவும் ஒரு காரணம்.

"பூமி பேரிக்காய் மாதிரி என்று அறிவியல்காரர்களே சொல்கிறார்கள், படத்தில் உருண்டையாக இருக்கிறதே?" நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357. 30 செ.மீ. விட்டமுள்ள பந்தாகச் செய்தால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர். பேரிக்காய்த்தனம் அதைவிட எவ்வளவோ சிறியது. "கச்சிதமான கோளம்" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி ஓட்டுவார்கள்.

"தொடுவானம் எப்போதும் கண் மட்டத்துக்கே உயர்கிறது." இதை அளக்கலாம். அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை அடியில் இணைத்து, சாயத் தண்ணீர் ஊற்றி, இரண்டு நீர்மட்டமும் ஒரே கோட்டில் வரும்படி பாருங்கள். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கடலைப் பார்த்தால் தொடுவானம் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கீழே இருக்கும். முன் குழாயில் 8, 9 மி.மீ. வித்தியாசம். தண்ணீர்மட்டத்தையே ஆதாரமாகச் சொல்பவருக்குத் தண்ணீர்மட்டத்தாலேயே பதில்.

"சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் வட்டம் என்றால் தட்டும் வட்ட நிழல்தானே தரும்?" நல்ல கேள்வி, ஒப்புக்கொள்ளுங்கள். தட்டு நேராக நின்றால் மட்டுமே வட்டம். நிலவு உதிக்கும்போதும் மறையும்போதும் கிரகணம் பிடித்தால் தட்டின் நிழல் குச்சியாக மெலிய வேண்டும். எந்தக் கிரகணத்திலும் விளிம்பு வட்டமாகவே விழுகிறது. 2028 டிசம்பர் 31-லும் 2029 ஜூன் 26-லும் முழுச் சந்திர கிரகணம் இருக்கிறது; குறித்துக்கொள்ளுங்கள்.

"அண்டார்டிகாவுக்கு யாரையும் விடுவதில்லை." 2024 டிசம்பரில் தட்டை, உருண்டை இரண்டு தரப்பினரும் சேர்ந்து அங்குள்ள யூனியன் பனியாற்றுக்குப் போய், 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் சுற்றியதை நேரலையில் காட்டினார்கள். தட்டை என்று பேசிவந்தவர்களில் ஒருவர், அந்த விஷயத்தில் தன் கணிப்பு தவறு என்று அங்கேயே ஒப்புக்கொண்டார்.

10. உட்கார்ந்து பேசும் நாள்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு அளவை. பார்வையாளர்கள் கூடினால் இருவருக்குமே தோற்க மனம் வராது. நீங்கள் இருவரும், கணக்குச் சரிபார்க்க மூன்றாமவர் ஒருவரும் போதும். அளவெடுக்க அவரையும் கூட்டிப் போங்கள், டேப்பை அவர் கையில் கொடுங்கள். நான் தனியாக அளந்து வந்த எண்ணை சித்தப்பா நம்பியதே இல்லை. அவரே எடுத்த எண்ணை மறுத்ததும் இல்லை.

பணம் வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். 1870-இல் வாலஸ் செய்தது 500 பவுண்டு பந்தயத்துக்காக. நடுவர் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தோற்ற ஜான் ஹாம்ப்டன் பல ஆண்டுகள் அவதூறுக் கடிதங்கள் எழுதி, சிறைக்கும் போய், வழக்குப் போட்டார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று பணமும் திரும்பிப் போயிற்று. வழக்குச் செலவு வாலஸுக்கு மிச்சம்.

முடிவு எழுதும் தாளில் "பூமி உருண்டை என்று ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரியைப் போடாதீர்கள். அதற்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அளந்த எண், இரண்டு முன்கணிப்பு, எது நெருங்கியது என்பதை மட்டும் எழுதுங்கள். எங்கள் தாளில் இப்படி இருக்கிறது: "20 கி.மீ., கண் உயரம் 4 மீ. மறைந்தது 11 மீ. தட்டைக் கணிப்பு 0, கோளக் கணிப்பு 10–13." கீழே சித்தப்பா தன் கையால் "காரணம் யோசிக்கணும்" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த சம இரவு நாளுக்கான குழாயை அவர்தான் செய்துகொண்டிருக்கிறார். 2 மீட்டர் போதாது, 4 மீட்டர் வேண்டும் என்கிறார். அப்படியானால் வட்டம் 37 மி.மீ. வரும். அளக்கவும் எளிது.